மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: கம்பத்தை அடுத்த ஊரில் வசிக்கிறோம். என் கணவருக்குக் கேரளத்து வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் இருப்பதால், திங்கள்கிழமை காலையில் மேட்டு ரோடு வழியாக மலையேறினால் சனிக்கிழமை மாலையில்தான் இறங்குவார். பக்கவாதத்தால் படுத்திருக்கும் மாமனாரை அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக 2022ஆம் ஆண்டு கூடத்தில் சுழலும் வைஃபை கேமரா ஒன்றை வைத்தோம். வாசலிலும் கொல்லையிலும் மாடிப்படியிலும் கார் நிற்கும் இடத்திலும் காட்சிகளைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டியோடு இணைந்த நான்கு கேமராக்கள் முன்பே உண்டு. போன மாதம் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு நான் மாமனாருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது கூடத்துக் கேமரா என் பக்கம் திரும்பியது, ஓர் ஆண் குரல் "உறங்ஙியில்லே?" என்று மலையாளத்தில் கேட்டது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கணவர் வந்து வைஃபை கடவுச்சொல்லை மாற்றி மறுபடியும் இணைத்தார். மூன்றாம் நாள் நண்பகலில் அதே கேமராவிலிருந்து சீழ்க்கை ஒலி கேட்டது. கேமரா போட்ட கடையில் வேலை செய்யும் குமுளிப் பையன்தான் காரணம் என்கிறார் மாமியார். யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? கேமராவைத் தூக்கி எறிந்துவிட்டால் போதுமா? பழைய காட்சிகள் வெளியே போயிருக்குமா? குரல் மலையாளத்தில் வந்ததால் புகாரைக் கேரளத்தில் கொடுப்பதா, இங்கே கொடுப்பதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, வைஃபை கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் சீழ்க்கை ஒலி வந்தது என்பதுதான். அந்நியர் உங்கள் வீட்டு வைஃபைக்குள் புகுந்து வந்தவராக இருந்தால், கடவுச்சொல் மாறிய அன்றே வெளியே நின்றிருப்பார். அப்படி நடக்கவில்லை என்பதற்குக் காரணம், இவ்வகைக் கேமராக்கள் இயங்கும் முறையில் இருக்கிறது. கூடத்துக் கேமரா உங்கள் வைஃபை வழியாக வெளியே சென்று தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரோடு எந்நேரமும் தொடர்பில் இருக்கிறது. வண்டன்மேட்டில் உங்கள் கணவர் செயலியைத் திறக்கும்போது அவருடைய செல்போனும் அதே சர்வரைத்தான் நாடுகிறது. இரண்டையும் சர்வர் சேர்த்து வைக்கிறது. ஆகவே செயலியின் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் தெரிந்த எவரும், அவர் கட்டப்பனையில் இருந்தாலும் கஜகஸ்தானில் இருந்தாலும், உங்கள் வைஃபையைத் தொடாமலேயே கூடத்துக்குள் வந்து நிற்க முடியும். கணவர் புதிய வைஃபை கடவுச்சொல்லைக் கேமராவுக்குக் கொடுத்து மறுபடி இணைத்தபோது, தமக்கு மட்டுமன்றி அந்த அந்நியருக்கும் சேர்த்தே வழியைத் திறந்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலோர் முதலில் செய்வது இதைத்தான்.

கேமரா தானாகத் திரும்பியது என்று மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன். அசைவைப் பின்தொடரும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் பூனை நடந்தாலும் கேமரா திரும்பும். மின்சாரம் போய் வந்தால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். இதைக் கண்டு பயந்து அழைத்தவர்கள் எனக்குப் பலர். உங்கள் வீட்டில் குரல் கேட்டிருக்கிறது. பேசும் பொத்தானை அழுத்தியது உங்கள் வீட்டார் எவரும் இல்லை. ஆகவே இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இப்போது கேமரா பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டுத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும். ரீசெட் பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். கேமராவுக்குள் இருக்கும் அமைப்புகளும் பதிவுகளும் அதோடு அழிந்துபோகலாம். முதலில் கணவரின் செல்போனில் செயலியைத் திறந்து, அந்தக் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்நுழைந்திருக்கின்றன என்று காட்டும் பக்கம், கேமரா யார் யாருடன் பகிரப்பட்டிருக்கிறது என்று காட்டும் பக்கம், அறிவிப்புகளின் பட்டியல், கேமராவின் வரிசை எண் ஆகிய அனைத்தையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னர் கேமராவில் இருக்கும் நினைவக அட்டையைக் கழற்றி ஒரு காகித உறையில் போட்டு, கழற்றிய நாளையும் நேரத்தையும் அதன்மேல் எழுதுங்கள். டிவிஆரின் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். அதிலிருந்து ரவுட்டருக்குச் செல்லும் நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கினால் போதும். வெளிக்கேமராக்கள் வழக்கம்போல் ஹார்டு டிஸ்கில் பதிந்துகொண்டிருக்கும், வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாது. அப்போதே டிவிஆரின் கடிகாரத்தை உங்கள் செல்போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் கால்மணி, அரைமணி தவறாக ஓடும் டிவிஆர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், பின்னால் காவல் நிலையத்தில் "எத்தனை மணிக்கு?" என்று கேட்கும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேமரா யாருடைய பெயரில் இருக்கிறது? பில் யார் பெயரில் என்று நான் கேட்கவில்லை. கேமராவை முதன்முதலில் செயலியில் சேர்த்தபோது எந்தக் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொண்டு கணக்குத் திறந்தார்கள் என்பதுதான் கேள்வி. இவ்வகைச் செயலிகள் பெரும்பாலானவற்றில் முதலில் சேர்ப்பவர்தான் உரிமையாளர். மற்றவர்கள் எல்லோரும் அவர் பகிர்ந்து கொடுத்த விருந்தினர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சின்னமனூரில் ஒரு வீட்டில் இதே போன்ற புகாருக்காகச் சென்றிருந்தேன். வீட்டுக்காரரின் செயலியில் கேமராவின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் "பகிரப்பட்டது" என்று இருந்தது. கேமரா போட்ட இளைஞரை வரவழைத்து அவருடைய செல்போனைத் திறக்கச் சொன்னோம். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன: ஒரு மளிகைக் கடை, ஒரு கிளினிக், யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகை, பெயர் போடாமல் தெருப் பெயர் மட்டும் போட்ட வீடுகள். வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகத் தம்முடைய ஒரே கணக்கில் எல்லா வீட்டுக் கேமராக்களையும் சேர்த்து, வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவருடைய கைபேசி எண். கடையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். அந்த இளைஞர் யாரையும் எட்டிப் பார்த்தவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் கதவுக்குப் பூட்டுப் போட்டுத் தந்த ஆசாரி, மாற்றுச் சாவிகளை எல்லாம் ஒரே வளையத்தில் கோத்துக் கடை ஆணியில் மாட்டி வைத்திருந்ததைப் போன்றது அது.

ஆகவே உங்கள் கணவரின் செயலியில் அந்தக் கேமராவின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். பகிர்வுப் பட்டியலை மாற்றவும் கேமராவைக் கணக்கிலிருந்து நீக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தால் அவர்தான் உரிமையாளர். அந்த வசதிகள் தென்படாவிட்டாலோ மங்கலாக இருந்தாலோ, உரிமை வேறொருவரிடம் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பல நிறுவனங்களின் கேமராக்கள் பழைய கணக்கோடு கொண்ட தொடர்பை விடுவதில்லை. அந்தக் கணக்குக்காரரே நீக்கினால்தான் விடுபடும். கடைக்காரரிடம் பேசும்போது குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். "எங்கள் வீட்டுக் கேமராவையும் டிவிஆரையும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். நேரில் பேசினால் பதிவு இருக்காது. அதற்கு முன்னதாக மேலே சொன்ன ஸ்கிரீன்ஷாட்டுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். அவர் மறுத்தாலோ கடையே இப்போது இல்லையென்றாலோ, வாங்கிய பில்லையும் வரிசை எண்ணின் படத்தையும் அனுப்பித் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் உரிமை மாற்றம் கோரலாம்.

கணக்கு உங்கள் கணவர் பெயரிலேயே இருந்து, பகிர்வுப் பட்டியலிலும் அந்நியர் எவரும் இல்லையென்றால் அடுத்த ஐயம் கடவுச்சொல்லின் மேல் விழுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு வணிகத் தளத்தில் கொடுத்த அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையுமே கேமராச் செயலிக்கும் கொடுத்திருந்தால், அந்தத் தளத்திலிருந்து எப்போதோ கசிந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒருவர் ஆயிரக்கணக்கான கணக்குகளில் தானியங்கி நிரல் மூலம் முயன்று பார்ப்பார். திறந்த கதவுகளுக்குள் நுழைவார். கேமரா நிறுவனத்தின் சர்வரை உடைக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. டிராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் 2013ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் "ஹேவ் ஐ பீன் போன்டு" என்ற இணையதளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்தால், அது அறியப்பட்ட கசிவுகளில் இடம்பெற்றிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடவுச்சொல் எதையும் அங்கே கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, கணக்கு எதுவும் இல்லாமல் கருவியையே நேராகத் தட்டித் திறப்பது. 2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது இப்படித்தான். தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட "அட்மின்", "12345" போன்ற அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் இணைகளை வைத்துக்கொண்டு, இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் அது கைப்பற்றியது. அவற்றைத் திரட்டி அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று நடத்திய தாக்குதலில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்க முடியாமல் முடங்கின. அந்தத் தீநிரல் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்ததால், மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மறைந்துவிடும்; கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சற்று நேரத்தில் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டில் இந்த வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, இணைய நிறுவனம் கொடுத்த முகவரி என்று காட்டப்படும் ஐபி எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தந்திருக்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து எவரும் உங்கள் டிவிஆரை நேராகத் தட்ட முடியாது. நம் பகுதியில் கேபிள்காரர்கள் கொடுக்கும் இணைப்புகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் உங்கள் விஷயத்தில் முதல் இரண்டு வழிகளையே நான் வலுவாக ஐயுறுகிறேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மிக மலிவான சில கேமராக்களில், கேமராவின் அடையாள எண்ணையும் ஒரு பொதுவான கடவுச்சொல்லையும் கொடுத்தாலே காட்சி வந்துவிடும். கணக்கு என்ற ஒன்றே இருக்காது. ஐலிங்க்பி2பி என்ற மென்பொருளைப் பயன்படுத்திய இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளில், அந்த அடையாள எண்களை ஊகித்துவிட முடியும் என்பது 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பெட்டியின் மேல் பெயர் தெரியாத நிறுவனத்தின் முத்திரையும், செயலியில் இரண்டு மூன்று ஆண்டுகளாக எந்தப் புதுப்பிப்பும் இல்லாத நிலையும் இருந்தால், அந்தக் கேமராவைத் திருத்த முயல்வது வீண். புகார் முடிந்ததும் கழித்துவிடுங்கள்.

பூட்டும் வேலையைத் தொடங்கும்போது வரிசை முக்கியம். கேமராச் செயலியின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், ஆனால் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று கேட்டால் புதியது எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்கு. ஆகவே முதலில் கணவரின் மின்னஞ்சலைப் பாதுகாக்க வேண்டும். அந்தக் கேமராவோடு தொடர்பே இல்லாத ஒரு செல்போனிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணாக யாருடைய கைபேசி எண் கொடுக்கப்பட்டிருக்கிறது, வரும் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பி அனுப்பப்படுகின்றனவா என்பனவற்றையும் பாருங்கள். அதன் பிறகே கேமராக் கணக்குக்கு வாருங்கள். புதிய கடவுச்சொல் பதினைந்து எழுத்துக்குக் குறையாமல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்ததாக இருக்கட்டும். தோட்டத்தின் பெயர், பிள்ளையின் பெயர், வண்டி எண், கைபேசி எண் ஆகியவை வேண்டாம். வீட்டில் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தால் தவறில்லை. கஜகஸ்தானில் இருப்பவர் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. கடவுச்சொல்லை மாற்றியதோடு, "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியையும் கட்டாயம் அழுத்த வேண்டும். சில செயலிகளில் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பவர், கடவுச்சொல் மாறிய பிறகும் வெளியேற்றப்படாமல் அப்படியே தொடர்வார்.

கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு என்ற வசதியை மின்னஞ்சலிலும் செயலியிலும் இயக்குங்கள் என்று சொன்னால், மலைமேல் இருப்பவர்கள் உடனே சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும்: தோட்டத்தில் டவர் கிடைப்பதில்லை, ஓடிபி வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நியாயமான குறைதான். அதற்காக அந்த வசதியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. குறுஞ்செய்திக்குப் பதிலாக ஆதென்டிகேட்டர் செயலி ஒன்றைக் கணவரின் செல்போனில் நிறுவிக்கொண்டால், முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை அந்தச் செல்போனே கணித்துக் காட்டும். அதற்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். செல்போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். உங்கள் கேமராச் செயலி இதை ஏற்காவிட்டாலும் மின்னஞ்சல் ஏற்கும்.

ரவுட்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கேபிள்காரர் கொண்டுவந்து மாட்டும் பெட்டியில் வைஃபை கடவுச்சொல் ஒன்று, நிர்வாகக் கடவுச்சொல் வேறொன்று. உங்கள் கணவர் மாற்றியது முன்னதை. பின்னது பெரும்பாலும் அந்த ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே இருக்கும், லைன் பார்க்க வரும் எல்லோருக்கும் தெரிந்தும் இருக்கும். கேபிள்காரரை உட்கார வைத்தே அதை மாற்றச் சொல்லுங்கள். கருவிகள் தாமாகவே வெளியே வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி, கடவுச்சொல் இல்லாமலே வைஃபையில் இணைய விடும் டபிள்யுபிஎஸ், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி ஆகிய மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு நேர்வழி விடும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் ஏதேனும் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். விருந்தினர் வைஃபை என்ற வசதி இருந்தால் கேமராவை அதில் மட்டுமே இணையுங்கள்; நாளை அந்தக் கேமராவை யாராவது கைப்பற்றினாலும் வீட்டிலுள்ள செல்போனையும் கம்ப்யூட்டரையும் அதன் வழியாக எட்டுவது கடினம். டிவிஆரிலும் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, பயனர் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். அதன் தலைமேல் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு கிழித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்துபோகும் எவரும் செல்போனை நீட்டினால் பதிந்துகொள்ளும்படி அது கூடத்தில் கிடக்க வேண்டியதில்லை.

கேமராவைத் தூக்கி எறிந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எறிந்தால் அந்தக் கண் மூடும். கணக்கு திறந்தே இருக்கும். அதே கணக்கில் நாளை புதுக் கேமராவைச் சேர்த்தால் அந்நியருக்கு நீங்களே படத்தின் தரத்தை உயர்த்திக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். புதிதாக வாங்குவதென்றால் கணக்கும் புதிதாக, உங்கள் கணவரின் செல்போனில், அவர் கையாலேயே திறக்கப்பட வேண்டும். கடைக்காரர் ஏணியில் ஏறி ஆணி அடிக்கட்டும். செயலியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்த விதி, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த அமைச்சகத்தின் சோதனை அமைப்பான எஸ்டிகியூசியின் சான்று உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கேமரா 2022இல் வாங்கியது என்பதால் இந்தச் சோதனைக்கு முந்தியது.

பழைய காட்சிகள் வெளியே போயிருக்குமா என்ற கேள்விக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கணக்குக்குள் நுழைந்தவரால் அந்நேரத்துக் காட்சியை மட்டுமன்றி, நினைவக அட்டையில் பதிந்திருந்த பழையவற்றையும் ஓடவிட்டுப் பார்த்திருக்க முடியும். அட்டையின் கொள்ளளவைப் பொறுத்து அது சில நாட்களாகவோ சில வாரங்களாகவோ இருக்கலாம். அதற்கு முந்தியவை மேலெழுதப்பட்டு அழிந்திருக்கும். ஆகவே அந்த அட்டையில் இப்போது எந்தத் தேதி முதல் பதிவு இருக்கிறது, கேமரா வழக்கமாக எந்தப் பக்கம் நோக்கியிருந்தது, படுக்கையறைக் கதவு அதில் தெரியுமா என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அந்நியர் அண்மையில்தான் நுழைந்தார் என்றால் அதுவே ஆபத்தின் எல்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தது வெளியானபோது, இதற்கென்று ஒரு சந்தையே இருப்பது நாடு முழுவதும் தெரிந்தது. அதே சமயம், குரல் கொடுத்துப் பயமுறுத்துபவர்களும் காட்சி விற்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்; விற்பவன் தான் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது என் அனுபவம். யாரேனும் காட்சியைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், எண்ணைத் தடுப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தரங்கப் படம் வெளியாகும் அச்சம் இருந்தால், ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவையில் படத்தைப் பதிவேற்றாமலேயே அதன் எண்வடிவக் கைரேகையை மட்டும் கொடுத்துவைக்கலாம். அதில் இணைந்துள்ள சமூக ஊடகத் தளங்கள் அந்தப் படத்தை அடையாளம் கண்டு தடுக்கும்.

குமுளிப் பையனைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வதற்கு இப்போதைக்கு மொழியைத் தவிர வேறு சான்று இல்லை. மலையாளம் பேசியதை வைத்து ஆளைப் பிடிப்பதென்றால், கம்பத்திலும் கூடலூரிலும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் கணவருக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்கும். கடையில் வேலை செய்த எவருக்கும் கணக்கின் கடவுச்சொல் தெரிந்திருக்கலாம் என்பது உண்மை. தோட்டத்தில் கணவரின் செல்போனை வாங்கிப் பார்த்தவர்கள், பழைய செல்போனைக் கணக்கிலிருந்து வெளியேறாமல் விற்றிருந்தால் அதை வாங்கியவர், ஒருகாலத்தில் பகிர்ந்து கொடுத்துப் பின்னர் நீக்க மறந்த உறவினர் ஆகியோரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். உள்நுழைந்த கருவிகளின் பட்டியலில் வரும் செல்போன் மாடலின் பெயர் சில சமயம் ஒரே நிமிடத்தில் விடையைச் சொல்லிவிடும். அது சொல்லாவிட்டால், எந்த ஐபி முகவரியிலிருந்து அந்த இரவு பதினொன்றரைக்குத் தொடர்பு வந்தது என்பதை நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் அதிகாரம் காவல்துறைக்குத்தான் உண்டு. தெருவில் பேச்சைக் கிளப்பினால், ஒன்று குற்றமற்ற ஒருவர் பெயர் கெடும், அல்லது குற்றவாளி கணக்கை அழித்துவிட்டு ஒதுங்கிவிடுவார்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதற்குக் குரலின் மொழி பொருட்டே இல்லை. நிகழ்ந்த இடம் உங்கள் வீடு. ஆகவே தேனி மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையம்தான் இயல்பான இடம். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்து பதிவு செய்துவிட்டு, அந்த ஒப்புகை எண்ணோடு நேரில் செல்லுங்கள். 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கு உரியது. பணம் கேட்டு மிரட்டல் வந்து, ஏதேனும் கொடுத்தும்விட்டால் தயங்காமல் அதை அழையுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்பதைக் காரணம் காட்டி எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய மறுக்க முடியாது. குற்றவாளி கேரளத்தில் இருப்பது பின்னால் தெரியவந்தாலும் அலைய வேண்டியவர் நீங்கள் அல்ல. மின்னணு வழியில் தகவல் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அனுமதியின்றி நுழைந்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளும், பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தியதற்கு 66சி பிரிவும் பொருந்தும். உடை மாற்றுவது போன்ற அந்தரங்க நிலையில் பெண்ணைப் பார்த்திருந்தாலோ படம்பிடித்திருந்தாலோ தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு வரும். எந்தப் பிரிவு என்பதை நீங்கள் எழுத வேண்டியதில்லை; நாள், நேரம், கேட்ட சொற்கள், அதன்பின் என்னென்ன செய்தீர்கள் என்பதை நடந்த வரிசையில் எழுதிக் கொடுத்தால் போதும். தாமதம் மட்டும் வேண்டாம். இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. போன மாதம் நடந்ததற்கு அந்தக் கடிகாரம் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளச் சுழலும் கேமரா தேவையே இல்லை. சுழலும் கேமரா உங்கள் கூடம் முழுவதையும், சமையலறை வாசலையும், நீங்கள் நடமாடும் ஒவ்வோர் இடத்தையும் பார்க்கிறது. கணவர் பார்க்க விரும்புவதோ ஒரு கட்டிலை மட்டும். பேட்டரியில் இயங்கும் அழைப்பு மணி ஒன்றை மாமனாரின் நல்ல கை எட்டும் இடத்தில் கட்டிலோடு கட்டிவிட்டால், அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது கேமராவுக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். கணவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால், திரும்பாத கேமரா ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டை மட்டும் நோக்கும்படி வைத்து, மைக்கை நிறுத்திவிட்டு, சுவிட்ச் உள்ள பிளக்கில் மாட்டுங்கள். இரவு எட்டு மணிக்கு அவர் கூப்பிட்டுச் சொன்னதும் சுவிட்சைப் போடுங்கள், பேசி முடித்ததும் அணைத்துவிடுங்கள். மின்சாரம் இல்லாத கேமராவை எவராலும் திறக்க முடியாது. வெளியே இருக்கும் நான்கும் அப்படியே இருக்கட்டும். கொல்லைக் கேமராவில் பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னல் தெரிகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்து, தெரிந்தால் கோணத்தைத் தாழ்த்துங்கள்.

கழற்றிய கேமராவையும் உறையிலிட்ட அட்டையையும் காவல்துறை கேட்டு வாங்கும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள். கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.